மருந்து பழையது; விலை மட்டும் புதியது!

இரைப்பு, இளைப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை என்று மனிதன் மூச்சுக்குத் திண்டாடும் வியாதிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கான மருந்துச் சந்தை அமோகமாக வளரப்போகிறதென்று உலக வர்த்தகப் பத்திரிகைகள் பூரித்துப் போய் எழுதுகின்றன. பங்கு மார்க்கெட்டுக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். எந்தக் கம்பெனியின் எந்த மருந்து எந்தக் கட்டச் சோதனையில் இருக்கிறது, அது வெளிவந்தால் எத்தனை நூறு கோடி டாலர் புரளும் என்று அட்டவணை போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் அந்த அட்டவணைகளில் அகப்படுவதில்லை. மூச்சு முட்டுகிறவன் யார், அவன் மடியில் காசு உண்டா என்பதுதான் அது.

வியாபாரிகளின் கணக்கையே முதலில் பார்ப்போம்.

டூபிலுமாப் என்று ஓர் ஊசி மருந்து. பிரெஞ்சுக் கம்பெனி சனோஃபியும் அமெரிக்கக் கம்பெனி ரீஜெனரானும் கூட்டாக விற்பது. 2017இல் கடும் தோல் அரிப்புக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2018இல் ஆஸ்துமாவுக்கு. 2024இல், புகையாலும் தூசியாலும் நுரையீரல் குழாய்கள் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும் சி.ஓ.பி.டி. என்னும் வியாதியின் ஒரு வகைக்கு. இந்த ஒரே ஒரு மருந்தின் விற்பனை 2024ஆம் ஆண்டில் மட்டும் 1,300 கோடி யூரோவைத் தாண்டியது! அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல்.

அடுத்தது என்சிஃபென்ட்ரின். அதே சி.ஓ.பி.டி. வியாதிக்காக, ஆவியாக்கி மூச்சில் இழுக்கும் மருந்து. வெரோனா என்ற கம்பெனி வளர்த்தெடுத்தது. 2024 ஜூன் மாதம் அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. மாதம் 2,950 டாலர், அதாவது ஆண்டுக்கு 35,400 டாலர் என்று விலை வைத்தார்கள். மருந்தின் பயனை எடைபோட்டு நியாய விலை சொல்லும் ஐ.சி.இ.ஆர். என்ற ஸ்தாபனம் அமெரிக்காவில் இருக்கிறது. கம்யூனிஸ்டு ஸ்தாபனமன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் மதித்துக் கேட்கும் ஸ்தாபனம். அது என்ன சொன்னது? 7,500 டாலரிலிருந்து 12,700 டாலர் வரை வைத்தால் நியாயம் என்றது. கம்பெனி கேட்டதா? கேட்கவில்லை. கேட்காததற்குத் தண்டனை கிடைத்ததா? பரிசுதான் கிடைத்தது. 2025 ஜூலையில் மெர்க் என்ற பெருங் கம்பெனி வெரோனாவைச் சுமார் 1,000 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது.

இன்னொரு வியாபாரத்தையும் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கென்று சோதனையிலிருந்த ஓர் ஊசி மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பது எதிர்பார்ப்பு. கண்டுபிடித்தது சீனாவின் ஹெங்ருய் கம்பெனி. 2023 ஆகஸ்டில், சீனாவுக்கு வெளியே அதை வளர்க்கவும் விற்கவுமான உரிமையை ஒரு புதுக் கம்பெனிக்குக் கொடுத்தது. கைமேல் வாங்கிய தொகை 2 கோடியே 15 லட்சம் டாலர். மருந்து தேறினால் பிற்பாடு மேலும் வரும் என்று ஏற்பாடு. வாங்கிய கம்பெனி பிற்பாடு அயோலோஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. 2024 ஜனவரியில் ஜி.எஸ்.கே. என்ற பிரிட்டிஷ் கம்பெனி அந்த அயோலோஸை வாங்கிற்று. கைமேல் கொடுத்தது எவ்வளவு? 100 கோடி டாலர்! நடுவில் கழிந்தவை ஐந்தே மாதங்கள். அந்த ஐந்து மாதத்தில் மருந்து ஒரு நோயாளியையாவது புதிதாகக் குணப்படுத்திற்றா என்று கேட்காதீர்கள். மருந்து இருந்த இடத்திலேயே இருந்தது, காகிதம்தான் கைமாறியது. இந்த 100 கோடியை ஜி.எஸ்.கே. யாரிடமிருந்து வசூல் செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதைச் சொன்னதும், விஞ்ஞானத்துக்கே நாம் விரோதிகள் என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. 2003இல் ஓமலிசுமாப் என்ற ஊசி வந்ததிலிருந்து நடந்திருப்பது பெரிய காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். உடம்பு எதைக் கண்டு மிரண்டு மூச்சுக் குழாயை வீங்கச் செய்கிறதோ, அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கண்டுபிடித்து அறுக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தின்று தின்று முகம் உப்பி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்ட கடும் ஆஸ்துமா நோயாளிகளுக்கு இது மறுபிறப்பு. ஒவ்வாமைக்காரர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. வேர்க்கடலை தின்றாலே உயிருக்கு ஆபத்து என்றிருக்கும் குழந்தைகளுக்குக்கூட இதே ஓமலிசுமாப் உதவும் என்று 2024இல் அனுமதித்திருக்கிறார்கள். விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் வணங்குகிறோம். நாம் பேசுவது அந்த உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சுங்கம் வசூலிப்பவர்களைப் பற்றி.

அத்துடன், இந்த ஊசிகள் தேவைப்படுகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் நூறு பேரில் கடும் வகையினர் பத்துப் பேருக்குள்தான். மற்றத் தொண்ணூறு பேர்?

உலகத்தில் ஆஸ்துமாவால் அவதிப்படுகிறவர்கள் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி 26 கோடிப் பேர். அந்த ஓராண்டில் செத்தவர்கள் 4,55,000 பேர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு இது. சி.ஓ.பி.டி. இன்னும் கொடியது, 2021இல் 35 லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று. எழுபது வயதுக்கு முன்பே அந்த வியாதியில் சாகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் இருக்கிறார்கள். நம் நாட்டைப் பாருங்கள். உலக ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பதாகவும், ஆஸ்துமாச் சாவுகளிலோ 40 சதவீதத்துக்கு மேல் இங்கேதான் நேர்வதாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். நோயாளியில் எட்டில் ஒருவன். சாவில் ஐந்தில் இருவர்!

இவர்கள் 40,000 டாலர் ஊசி கிடைக்காமலா செத்தார்கள்? இல்லை. எழுபது வருஷத்துக்கு முந்திய ஒரு சாதனமும், ஐம்பது வருஷத்துக்கு முந்திய இரண்டு மருந்துகளும் ஒழுங்காகக் கைக்கு வராமல் செத்தவர்களே மிகுதி.

அந்தச் சாதனம் இன்ஹேலர். பஃப் அடிப்பது என்று நம் மக்கள் சொல்கிறார்களே, அதுதான். 1955இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகள், ஆஸ்துமாக்காரி, தலைக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா என்று தகப்பனாரைக் கேட்டாளாம். மறு வருஷமே டப்பா வந்துவிட்டது. 1969இல் பிரிட்டனில் சால்புட்டமால் வந்தது. மூடிக்கொண்ட மூச்சுக் குழாயைச் சில நிமிஷங்களில் திறந்துவிடும் மருந்து. 1972இல் மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு வந்தது. இது அடங்கி வேலை செய்யும் மருந்து. குழாயின் வீக்கத்தையே நாள் செல்லச் செல்லத் தணிக்கிறது. திறக்கும் மருந்தை மட்டும் இழுத்துக்கொண்டு வீக்கத்தை விட்டுவிட்டால் ஒருநாள் அது கழுத்தை நெரிக்கும். ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டி வகுக்கும் நிபுணர்கள் 2019இல் இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்கள்: சால்புட்டமால் மட்டும் தந்து நோயாளியை அனுப்பக்கூடாது, ஸ்டீராய்டும் சேர்ந்து போகவேண்டும்.

மருந்துகள் பழையவை. அவற்றின் மேலிருந்த காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. ஆகவே மலிவாக இருக்க வேண்டுமல்லவா? நம் நாட்டில் ஓரளவுக்கு அப்படித்தான். 200 பஃப் கொண்ட சால்புட்டமால் இன்ஹேலர் 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. உலகத்தின் மிகப் பணக்கார நாட்டில் என்ன நடந்தது? அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நேற்று நடந்தது நாளை இங்கே நடக்கலாம்.

இன்ஹேலர் டப்பாவிலிருந்து மருந்தை வெளியே தள்ள ஒரு வாயு வேண்டும். முதலில் சி.எப்.சி. என்ற வாயுவைப் பயன்படுத்தினார்கள். அது வானத்திலுள்ள ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டது. நல்ல உடன்படிக்கை, அவசியமான உடன்படிக்கை. ஆகவே வாயுவை மாற்ற வேண்டியதாயிற்று. எச்.எப்.ஏ. என்ற வேறொரு வாயு வந்தது. உள்ளே இருக்கும் சால்புட்டமால் அதே சால்புட்டமால். நோயாளிக்குக் கிடைக்கும் பலனும் அதே பலன்.

இங்கேதான் ஏகபோகத்தின் மூளை வேலை செய்தது. புது வாயுவைச் சேர்க்கும் முறைக்கு ஒரு காப்புரிமை. புது வால்வுக்கு ஒரு காப்புரிமை. எத்தனை பஃப் மிச்சமிருக்கிறது என்று காட்டும் எண் சக்கரத்துக்கு ஒரு காப்புரிமை. செத்துப்போன காப்புரிமைக்கு உயிர் வந்துவிட்டது! 2008 டிசம்பர் 31ஆம் தேதியோடு பழைய சி.எப்.சி. சால்புட்டமால் இன்ஹேலர்களை அமெரிக்க சர்க்கார் தடை செய்தது. அந்தத் தேதியோடு மலிவான போட்டி மருந்துகளும் கடையைவிட்டு மறைந்தன. இன்ஷூரன்ஸ் வைத்திருந்தவர்கள்கூட 2004இல் ஒரு சீட்டுக்குத் தம் கையிலிருந்து சராசரி 13 டாலர் 60 செண்ட் கொடுத்து வந்தார்கள். தடை வந்ததும் அது 25 டாலராயிற்று. இன்ஷூரன்ஸ் இல்லாதவனின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். புது வாயு இன்ஹேலருக்குப் போட்டியாக முதல் மலிவு மருந்து அங்கே அனுமதி பெற்றது 2020 பிப்ரவரியில்தான். பதினோரு வருஷம்! அதற்கு இரண்டு மாதம் கழித்து இன்னொரு மலிவு இன்ஹேலர் அனுமதி பெற்றது. அதைச் செய்தது நம் பம்பாயின் சிப்லா கம்பெனி. 1978இலிருந்தே இன்ஹேலர் செய்துவருகிற கம்பெனி, அமெரிக்கன் வாசலில் இத்தனை காலம் காத்து நிற்க வேண்டியிருந்தது.

இது ஒரு மருந்தோடு நின்ற வித்தையல்ல. 1986 முதல் 2020 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஹேலர்கள் 62. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட கணக்கு இது: முற்றிலும் புதிய வகையில் வேலை செய்யும் மருந்து அவற்றுள் எத்தனை? ஒன்றே ஒன்று. வாங்கப்பட்ட காப்புரிமைகளில் பாதிக்கு மேற்பட்டவை மருந்தின் மேலல்ல, டப்பாவின் மேல்! இப்படி டப்பாவைக் காட்டியே போட்டியில்லாமல் சராசரி 16 வருஷம் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

2024 ஜனவரியில், பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலிருந்த செனட் கமிட்டி நான்கு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டது. அதில் கண்ட விலைகளைப் பாருங்கள். போரிங்கர் கம்பெனியின் ஓர் இன்ஹேலர் அமெரிக்காவில் 489 டாலர், பிரான்ஸில் 7 டாலர். ஆஸ்ட்ராஜெனிகாவின் ஒன்று அமெரிக்காவில் 645, பிரிட்டனில் 49. டேவா கம்பெனியின் ஒன்று அமெரிக்காவில் 286, ஜெர்மனியில் 9. ஒரே கம்பெனி, ஒரே மருந்து. பிரெஞ்சுக்காரனுக்கு 7 டாலருக்கு விற்றும் கம்பெனிக்குக் கட்டுப்படியாகிறது. பிரான்ஸில் சர்க்கார் குறுக்கே நின்று விலை பேசுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

கடிதம் வந்ததும் கம்பெனிகளுக்குத் திடீரென்று இரக்கம் பிறந்தது. மார்ச் மாதத்தில் போரிங்கர், ஆஸ்ட்ராஜெனிகா, ஜி.எஸ்.கே. மூன்றும் அடுத்தடுத்து, நோயாளி கையிலிருந்து மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கமாட்டோம் என்று அறிவித்தன. நல்லது, நோயாளிக்கு அந்த அளவு பாரம் குறைந்தது மெய். ஆனால் நுணுக்கமாகப் படியுங்கள். கையிலிருந்து வாங்குவதற்குத்தான் வரம்பு; இன்ஷூரன்ஸிடம் வாங்கும் தொகைக்கல்ல. வலது பையில் விட்டதை இடது பையில் எடுத்துக்கொள்ளலாம்.

அதே ஜி.எஸ்.கே. அதே 2024 ஜனவரி முதல் தேதியில் செய்த காரியத்தையும் மறக்கக்கூடாது. ஏழைகளுக்கான சர்க்கார் மருத்துவத் திட்டத்தில் ஒரு புது விதி அன்றைக்கு அமலுக்கு வந்தது: விலைவாசியைவிட வேகமாக மருந்து விலையை ஏற்றி வந்த கம்பெனிகள் சர்க்காருக்குத் தள்ளுபடியாகத் திருப்பித்தர வேண்டிய தொகைக்கு இருந்த உச்சவரம்பு நீங்கியது. விலையைத் தொடர்ந்து ஏற்றியவன் வசமாக மாட்டிக்கொள்ளும் விதி. ஜி.எஸ்.கே. என்ன செய்தது? குழந்தைகளுக்கு டாக்டர்கள் மிகுதியாக எழுதிவந்த புளோவென்ட் என்ற தன் ஸ்டீராய்டு இன்ஹேலரை அன்றோடு கடையிலிருந்து எடுத்துவிட்டது! அதே மருந்து வேறொரு கம்பெனியின் பெயரில் கிடைக்கும் என்றார்கள். அந்தப் பெயரைப் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்கவில்லை. தாய்மார்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைகடையாக அலைந்தார்கள்.

டப்பாக் காப்புரிமை விவகாரம் கடைசியில் கோர்ட்டுக்கும் போயிற்று. அம்னீல் என்ற கம்பெனி மலிவு சால்புட்டமால் இன்ஹேலர் விற்கப் புறப்பட்டது. டேவா கம்பெனி தன் ஐந்து காப்புரிமைகளைக் காட்டி வழிமறித்தது. அமெரிக்க சர்க்காரின் ஆரஞ்சுப் புத்தகம் என்னும் பதிவேட்டில் ஒரு காப்புரிமை ஏறிவிட்டால், வழக்குப் போட்ட மாத்திரத்திலேயே போட்டியாளனை 30 மாதம் நிறுத்திவைக்கலாம். வழக்கில் ஜெயிக்கக்கூட வேண்டாம், போட்டால் போதும். 2024 டிசம்பர் 20ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று: இந்தக் காப்புரிமைகள் டப்பாவைப் பற்றியவை, மருந்தைப் பற்றியவையல்ல, பதிவேட்டிலிருந்து இவற்றை நீக்கவேண்டும். நல்ல தீர்ப்பு. பதினாறு வருஷம் தாமதமான தீர்ப்பு.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை, பஞ்சாலையிலும் கல்குவாரியிலும் தூசியை விழுங்குகிற நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே. வாயு மறுபடியும் மாறப்போகிறது!

ஓசோனைக் காக்க வந்த எச்.எப்.ஏ. வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று தெரியவந்திருக்கிறது. இன்ஹேலர்களில் பெரும்பாலும் நிரப்பப்படும் 134ஏ என்ற வகை, கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் சூடேற்றும். ஆகவே 2016இல் கிகாலி நகரில் கூடி, மாண்ட்ரீல் உடன்படிக்கையிலேயே ஒரு திருத்தம் செய்து, இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதென்று முடிவு கட்டினார்கள். இந்தியாவும் 2021இல் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது. 2028இல் நமது உபயோகத்துக்கு உச்சவரம்பு வந்துவிடும். 2032இல் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். 2047இல் 85 சதவீதம் குறைத்தாக வேண்டும்.

பெரிய கம்பெனிகள் உறங்கவில்லை. ஆஸ்ட்ராஜெனிகா 2022இலேயே ஹனிவெல் கம்பெனியோடு சேர்ந்து ஒரு புது வாயுவை எடுத்துக்கொண்டது. அதை நிரப்பிய இன்ஹேலருக்கு 2025 மே மாதம் பிரிட்டனில் அனுமதியும் வாங்கிவிட்டது. ஜி.எஸ்.கே. தன் பழைய சால்புட்டமாலையே 152ஏ என்ற இன்னொரு வாயுவில் அடைத்து, 2024இல் கடைசிக் கட்டச் சோதனையைத் தொடங்கியது. இத்தாலியின் கியேசி கம்பெனியும் அதே 152ஏ வழியில் போகிறது. வர்த்தகப் பத்திரிகைகள் புதிய மூச்சு மருந்துகள் என்று போடும் அட்டவணையில் இவையும் இருக்கின்றன. 1969ஆம் வருஷத்துச் சால்புட்டமால், புது மாப்பிள்ளை வேஷத்தில்!

புது வாயு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெயிலிலும் வெள்ளத்திலும் முதலில் சாகிறவன் பாட்டாளிதான். பூமி சூடாவது அவன் தலையில்தான் விடியும். ஆனால் ஓசோனைக் காத்த செலவை 2008இல் அமெரிக்க நோயாளியின் தலையில் கட்டியதுபோல, பூமியைக் காக்கும் செலவை நம் நோயாளியின் தலையில் கட்டுவார்களானால் அதைச் சம்மதிக்க முடியாது.

சி.எப்.சி. போய் எச்.எப்.ஏ. வந்தபோது நாம் எப்படித் தப்பினோம்? 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் என்ற கவசம் நம்மிடம் இருந்தது. மருந்துப் பொருளின் மேல் யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்ற சட்டம். அதன் நிழலில் வளர்ந்த இந்தியக் கம்பெனிகள் புது வாயு இன்ஹேலரைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டன. 2005 ஜனவரி முதல் தேதியோடு அந்தக் கவசத்தில் பெரும்பகுதியைக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் கட்டளை! எனினும் முழுவதும் போய்விடவில்லை. பழைய மருந்துக்குச் சின்ன மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்டால் மறுக்கும் 3(டி) பிரிவு சட்டத்தில் இருக்கிறது. 2013இல் நோவார்ட்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அதை உறுதி செய்தது. பொதுநலனுக்காகக் காப்புரிமையை மீறி வேறொருவரைச் செய்யச் சொல்லும் கட்டாய லைசென்ஸ் அதிகாரமும் இருக்கிறது. 2012இல் ஒருமுறை அதைப் பிரயோகித்துமிருக்கிறார்கள். ஆயுதம் இருக்கிறது. எடுப்பதற்குக் கை வேண்டும்.

கை எந்தப் பக்கம் நீளுகிறது? 2024 அக்டோபரில் மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவிலையை 50 சதவீதம் உயர்த்தியது. அவற்றுள் ஒன்று சால்புட்டமால்: 2 மில்லிகிராம் மாத்திரை, 4 மில்லிகிராம் மாத்திரை, ஆவி பிடிக்கும் திரவம். பழைய விலை கட்டுப்படியாகவில்லை, உற்பத்தியையே நிறுத்திவிடுவோம் என்று கம்பெனிகள் சொல்லினவாம். மலிவு மருந்து, 50 சதவீதம் ஏறினாலும் சில்லறைதான் என்பார்கள். அந்தச் சில்லறை மாத்திரையை நம்பி இருப்பவர் யார்? இன்ஹேலர் வாங்க வசதியில்லாதவரும், இன்ஹேலர் அடித்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பயப்படுகிறவரும், இரவில் இழுப்பு வந்தால் மூலைக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போகிறவரும்தான். இன்ஹேலர் பழக்கமாகும் என்பது வீண் பயம். மாத்திரையைவிட மிகச் சிறிய அளவு மருந்துதான் அதில் உடம்புக்குள் போகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறோம்.

வாயுவே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. காப்ஸ்யூலில் அடைத்த பொடியை ஒரு சிறு சாதனத்தில் வைத்து உறிஞ்சும் முறை. ரோட்டாஹேலர் என்று நம் கடைகளில் கிடைப்பது. பலருக்கு அதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் அதற்கு நோயாளி பலமாக மூச்சை இழுக்கவேண்டும். சிறு குழந்தைக்கும், கடும் இழுப்பில் தவிக்கும் கிழவருக்கும் அந்தப் பலம் ஏது? அவர்களுக்கு வாயு டப்பா வேண்டும்.

134ஏ வாயு மோட்டார் காரின் ஏ.சி.க்கும் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. வரம்பு வந்து ஒதுக்கீடு குறைகிறபோது, காரைக் குளிர வைப்பதற்கு எவ்வளவு, நெஞ்சைத் திறப்பதற்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கவேண்டிய நாள் வரும். சந்தையிடம் விட்டால் சந்தை யாருக்குக் கொடுக்கும்? மத்திய சர்க்கார் மருந்துக்கான ஒதுக்கீட்டை இப்போதே தனியாக எடுத்துவைக்க வேண்டும். புது வாயு இன்ஹேலருக்கு வால்வைக் காட்டியும் சக்கரத்தைக் காட்டியும் காப்புரிமை கேட்டு வரும் மனுக்களை 3(டி) பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு பரிசீலிக்க வேண்டும். டப்பா மாறிய காரணத்துக்காகப் புது மருந்து என்று விலை வைக்க விடக்கூடாது. சால்புட்டமாலும், புடசனைடும் பார்மோட்டராலும் கலந்த இன்ஹேலரும் 2022ஆம் வருஷத்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. எந்த வாயுவில் வந்தாலும் அவை அந்தப் பட்டியலின் உச்சவிலைக்குள்ளேயே வரவேண்டும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நம்மிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. இந்த முறையைப் பார்த்து வேறு ராஜ்யங்களும் பின்பற்றின. பிரான்ஸில் 7 டாலருக்கு வாங்குகிற அதே சாமர்த்தியம்தான் இது. ஸ்டீராய்டு இன்ஹேலர், தாலுகா ஆஸ்பத்திரியோடு நின்றுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் மாதந்தவறாமல் போய்ச் சேரவேண்டும்.

சங்கத் தோழர்கள் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நான்கைந்து பேராகப் போங்கள். இரண்டு கேள்விகள் போதும். ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் இன்றைக்குக் கையிருப்பில் இருக்கிறதா? சென்ற மாதம் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? கிடைக்கும் பதிலைத் தேதியோடு எழுதி நமக்கு அனுப்புங்கள்.